நல்லா இறுக்குங்க மாப்பிள்ள

எண்ணெய் ஆட்டும் மெஷின் ‘கடகட’வை விட்டுவிட்டு ‘ம்ம்ம்’ என்று முனக ஆரம்பித்தபோது மணி ஒன்பதே கால். மாப்பிள்ளை பொறுப்பேற்றுச் சரியாகப் பதினைந்து நிமிடம் ஆகியிருந்தது.

“தம்பி, அது ஏதோ சொல்ல வருது” என்றார் டிராயிங் மாஸ்டர்.

“சூடாகும்போது அப்படித்தான் சார் முனகும்.”

“வலியிலயா?”

“சந்தோஷத்துல.”

டிராயிங் மாஸ்டர் பள்ளிக்கூடத்திலிருந்து ரிட்டயராகித் தோட்டத்தில் கடலை போடுபவர். அன்றைய முதல் வாடிக்கையாளர். உரித்த கடலையை ஒரு சாக்கில் கொண்டுவந்து, மெஷினுக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். இங்கே வருகிற எல்லாரும் அப்படித்தான். தங்கள் கடலை தங்கள் எண்ணெயாகவே திரும்பி வருகிறதா என்று கடைசிச் சொட்டு வரை பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிரசவ வார்டு வாசலில்கூட இவ்வளவு கவனமாக யாரும் உட்கார மாட்டார்கள்.

மெஷின் ஒன்றும் பெரிய சமாச்சாரம் இல்லை. மேலே ஒரு புனல். அதில் கடலையைக் கொட்டினால், இரும்புக் கூண்டுக்குள் நீளமான திருகு ஒன்று சுற்றிச் சுற்றி அதை நசுக்கும். கூண்டின் இடுக்குகளில் எண்ணெய் சொட்டும். மூக்குப் பக்கமாகப் பிண்ணாக்கு வில்லை வில்லையாக விழும். அந்த மூக்கை இறுக்கவும் தளர்த்தவும் ஒரு கைச்சக்கரம் உண்டு. இறுக்கினால் எண்ணெய் கூடும். ரொம்ப இறுக்கினால் என்ன ஆகும் என்பதை மாப்பிள்ளை இப்போதுதான் கண்டுபிடித்திருந்தான்.

ஆனால் அது அவன் தப்பில்லை. காலையில் கண் டாக்டரைப் பார்க்கப் டவுனுக்குக் கிளம்பும்போது மாமனாரே அவன் கையைப் பிடித்துச் சொன்னார்: “கூச்சப்படாதீங்க. எதை வேணா தொடுங்க, எதை வேணா திருகுங்க. நல்லா இறுக்குங்க மாப்பிள்ள. நான் அஞ்சு மணிக்கு வந்துடுவேன். இன்னிக்கு ஒரு நாள் தனியா ஓட்டிக் காமிச்சுட்டீங்கன்னா, இந்தச் சாவி இனிமே உங்ககிட்டதான்.”

கல்யாணமாகி எட்டு மாதத்தில் மாமனார் அவனிடம் பேசிய மிக நீளமான பேச்சு அது. அதற்கு முன் நீளமானது, “ஐயையோ அதைத் தொடாதீங்க.”

அதற்கும் காரணம் இருந்தது. இந்த எட்டு மாதத்தில் அவன் கைபட்டு அந்த வீட்டில் ஒரு மிக்ஸி, ஒரு தையல் மெஷின், ஒரு குளியலறைக் குழாய், இரண்டு சுவர்க் கடிகாரங்கள் உயிரை விட்டிருந்தன. இரண்டாவது கடிகாரம் முதலாவதற்குப் பதிலாக வாங்கியது.

“இதுவும் போச்சுன்னா அடுத்த வாரமே சித்தப்பாவோட சோப்புக் கம்பெனிதான்” என்று அவன் மனைவி ஆபீசுக்குக் கிளம்பும்போது சொல்லியிருந்தாள். சோப்புக் கம்பெனி ஆறு மணி நேரப் பயணம். சோப்புக் குடோனிலேயே படுக்கை. மாதம் ஒரு தடவைதான் வீடு. காலியாக இருந்த ஒரே வேலை, சோப்பை மோந்து பார்த்து வாசனை சரியா என்று சொல்வது. ஒரு சோப்புக்கு அவனுக்கு ஒன்பது தும்மல் வரும்.

அதனால்தான் ஒன்பது மணிக்கு மெஷின் ஜம்மென்று ஓடியதை மொபைலில் நாற்பது விநாடி வீடியோ எடுத்து, கடைசியில் “பாரு, எப்படி ஓட்டறேன்னு!” என்று குரலும் கொடுத்து மனைவிக்கு அனுப்பியிருந்தான். அவள் பதில் அனுப்பினாள்: “எதையும் தொடாதே.”

அந்தப் பதில் வருவதற்குள் அவன் கைச்சக்கரத்தை மூன்று சுற்று இறுக்கிவிட்டான்.

இப்போது முனகல் நின்று ரப்பர் கருகும் வாசனை வந்தது. மாடியிலிருந்து மாமியாரின் குரலும் வந்தது.

“மாப்பிள்ள! சத்தம் மாறுதே?”

மாமியார் மெஷினைப் பார்க்கவே தேவையில்லை. மாடியில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டே, கீழே ஆட்டுவது கடலையா, எள்ளா, சூரியகாந்தியா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார்.

“வேற கடலை அத்தை! கொஞ்சம் கெட்டிக் கடலை!”

“என் கடலையா கெட்டி?” என்று மாஸ்டர் எழுந்தார்.

“சார், உக்காருங்க சார். உறுதியான கடலைன்னு அர்த்தம்.”

மொபைல் அடித்தது. மாமனார்.

“என்ன மாப்பிள்ள, மெஷின் எப்படி இருக்கு?”

“சூப்பரா ஓடுது மாமா.”

“ஓ” என்றார் மாமனார். குரல் கொஞ்சம் கீழே இறங்கியது. கண் டாக்டர் ஏதோ சொல்லியிருப்பார் போல.

“மாமா, சும்மா பொது அறிவுக்குக் கேக்கறேன். உள்ள சிக்கிக்கிட்டா என்ன பண்ணணும்?”

“சிக்கிக்கிச்சா?” மாமனார் குரல் துள்ளி எழுந்தது. பதறிவிட்டாரே என்று மாப்பிள்ளை அவசரமாக மறுத்தான்.

“இல்ல இல்ல! ஒருவேளை சிக்கினா...”

“ஓ. ஒருவேளையா.” மறுபடி இறங்கியது. “ஒருவேளை சிக்கினா, ரெண்டு செம்பு தண்ணியை மேல புனல்ல ஊத்துங்க. தாராளமா ஊத்துங்க.”

மாப்பிள்ளை கைச்சக்கரத்தைத் தளர்த்திவிட்டு, தாராளமாக ஊற்றினான். மெஷின் ஒரு நொடி யோசித்தது. பிறகு இருமியது. பிறகு எண்ணெய் வரவேண்டிய இடத்தில் வெள்ளையாக, நுரையோடு, குழந்தை கக்கியது மாதிரி ஒன்று வர ஆரம்பித்தது.

மாஸ்டர் குனிந்து பார்த்தார். “தம்பி, நான் எண்ணெய்தானே கேட்டேன்?”

“இது முதல் கட்டம் சார்.”

“போன வருஷம் இந்தக் கட்டம் வரலையே?”

“போன வருஷம் மாமா ஓட்டினாரு. இது புது முறை.”

புது முறை ஐந்து நிமிடத்தில் காரை பூசும் சிமெண்ட் பதத்துக்கு வந்து உள்ளே இறுகியது. மோட்டார் சுற்ற, பெல்ட் சறுக்க, திருகு மட்டும் அசையவில்லை. மறுபடி மொபைல்.

“எப்படி மாப்பிள்ள இருக்கு?”

“அருமை மாமா. சும்மா இன்னொரு பொது அறிவு. தண்ணி ஊத்தியும் அசையலைன்னா?”

“அசையலையா!” என்ன ஒரு பதற்றம். மாப்பிள்ளை மொபைலைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தான்.

“அசையலைன்னு வெச்சுக்கிட்டா மாமா.”

“வெச்சுக்கிட்டாவா. சரி. மெயினை அணைச்சுட்டு, ஸ்டார்ட்டர்ல ரெண்டு வயரை இடம் மாத்திடுங்க. மெஷின் திரும்பி ஓடும். முழு வேகத்துல விடுங்க. பயப்படாதீங்க மாப்பிள்ள, நான் இருக்கேன்ல.”

அவர் ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தார்.

வயரை மாற்றிச் சுவிட்சைப் போட்டதும் திருகு எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. முன்னால் போகவேண்டிய கடலை பின்னால் வந்தது. பின்னால் இடமில்லாததால் மேலே வந்தது. மேலே புனல் இருந்தது. புனலுக்கு மேலே டிராயிங் மாஸ்டர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊறிய கடலையும் நசுங்கிய கடலையும் நீரூற்று போலக் கிளம்பி, மாஸ்டரின் கண்ணாடியில், மீசையில், சட்டைப் பையில், கூரையில், மின்விசிறியில் சரிசமமாகப் பரவின. அப்புறம் உள்ளே ‘டங்’ என்று ஒரு சத்தம். மெஷின் நின்றது. முழுசாக நின்றது.

“தம்பி” என்றார் மாஸ்டர், கண்ணாடியைக் கழற்றாமலே. “இது எத்தனாவது கட்டம்?”

மாப்பிள்ளை கூரையைப் பார்த்தான். காதில் ஒரு தும்மல் கேட்டது. சோப்புக் குடோனிலிருந்து எதிர்காலம் தும்முகிறது.

“மாப்பிள்ள!” மாடியிலிருந்து. “மெஷின் நின்னுடுச்சா? எங்கப்பா வாங்கின மெஷின் அது! முப்பது வருஷத்துல பகல்ல ஒரு நாள் நின்னதில்ல! நான் கீழ வரட்டா?”

“வேணாம் அத்தை! பெல்ட்டைத் துடைக்கறேன்! ரெண்டே நிமிஷம்!”

இரண்டு நிமிடத்தில் சத்தம் வந்தாக வேண்டும். மெஷினிலிருந்து வர வழியில்லை. மாப்பிள்ளை சுற்றும் முற்றும் பார்த்தான். மொபைலைப் பார்த்தான். மனைவிக்கு அனுப்பிய வீடியோவைத் திறந்து, காலி எண்ணெய் டின்னுக்குள் மொபைலை வைத்து, ஒலியை முழுசாகக் கூட்டி, திரும்பத் திரும்ப ஓடும்படி போட்டான்.

‘கடகடகடகட’ என்று மெஷின் கம்பீரமாக ஓடியது. நாற்பதாவது விநாடியில், “பாரு, எப்படி ஓட்டறேன்னு!” மறுபடி ‘கடகடகடகட.’

மாடியில் அமைதி திரும்பியது.

“சார், ஒரு உதவி” என்றான் மாப்பிள்ளை ரகசியமாக. “இதைப் பிரிக்கணும்.”

“உங்களுக்குப் பிரிக்கத் தெரியுமா?”

“பிரிக்க நல்லாவே தெரியும் சார். மாட்டறதுதான் இதுவரைக்கும் நடந்ததில்ல.”

மாஸ்டரின் கடலை உள்ளே மாட்டியிருந்தது. மகளுக்குச் சாயங்காலப் பஸ்ஸில் எண்ணெய் அனுப்புவதாக வாக்குக் கொடுத்திருந்தார். மீசையைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து நோட்டையும் பென்சிலையும் எடுத்தார்.

“ஒவ்வொண்ணா கழட்டுங்க. கழட்டுறதுக்கு முன்னாடி எது எங்க இருந்துச்சுன்னு நான் வரைஞ்சுடறேன். படத்தைப் பாத்து மாட்டிக்கலாம்.”

யோசனை பிரமாதம். ஒரே கஷ்டம், மாஸ்டர் முப்பத்தைந்து வருஷம் டிராயிங் மாஸ்டராக இருந்தவர். நட்டு ஒன்றை வரைந்துவிட்டு, அதற்கு நிழல் கொடுக்க ஆரம்பித்தார்.

“சார், நிழல் வேணாம் சார்.”

“நிழல் இல்லாம நட்டு மிதக்கற மாதிரி இருக்கும் தம்பி.”

“மிதக்கட்டும் சார்!”

“பாரு, எப்படி ஓட்டறேன்னு!” என்றது டின்.

பதினோரு நட்டு, நான்கு வளையம், ஒரு கைச்சக்கரம். எல்லாவற்றுக்கும் இடப்பக்கத்திலிருந்து வெளிச்சம். கூண்டைத் திறந்தபோது மதியம் பன்னிரண்டரை.

மாடியிலிருந்து கேள்வி வந்தது. “அதென்ன மாப்பிள்ள, நிமிஷத்துக்கு ஒரு தடவ உங்களை நீங்களே பாராட்டிக்கறீங்க?”

“வேலையில ஒரு உற்சாகம் வேணும்ல அத்தை!”

“அவருக்கும் கத்துக் குடுங்க. அவரு இருபது வருஷமா ஓட்டறாரு, ஒரு நாள் சிரிச்சதில்ல. சாப்பிட்டுட்டு ஏதோ மெஷின் கம்பெனி புக்கை விரிச்சு வெச்சுக்கிட்டுப் படம் பாத்துட்டே உக்காந்திருப்பாரு!”

மாப்பிள்ளை கூண்டுக்குள் கையை விட்டான். இறுகிப்போன பிண்ணாக்கை உளியால் தட்டித் தட்டி எடுத்தான். அதோடு ஒரு ஸ்பூன் வந்தது.

நல்ல எவர்சில்வர் ஸ்பூன். முறுக்கிய கயிறு போல ஆகியிருந்தது. அடுத்து நான்கு ஆணி. அடுத்து ஒரு பூட்டின் பாதி. அடுத்து கத்தரிக்கோலின் ஒரு கால். எல்லாவற்றுக்கும் அடியில், திருகை அழுத்திக்கொண்டு, துருப்பிடித்த கதவுக் கீல் ஒன்று.

இருவரும் அவற்றைத் தரையில் வரிசையாக வைத்துப் பார்த்தார்கள்.

“ஜனங்க விதையைச் சுத்தம் பண்ணிக் கொண்டு வர்றதே இல்ல சார்” என்றான் மாப்பிள்ளை வருத்தத்தோடு.

“தம்பி, கதவுக் கீல் எந்தச் செடியில காய்க்குது?”

“கல்லு மண்ணு வர்ற மாதிரி வந்திருக்கும் சார்.”

“இத்தனையும் வயித்துல வெச்சுக்கிட்டு இது ஓடியிருக்கு” என்றார் மாஸ்டர் மரியாதையோடு. “இந்தக் காலத்துல மனுஷனுக்கு ஒரு மாத்திரை சேர மாட்டேங்குது.”

அப்போது டின்னுக்குள் சத்தம் நின்றது. மொபைல் அடித்தது. மாமனார் கூப்பிட்டால் வீடியோ நின்றுவிடும் என்பதை மாப்பிள்ளை கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

“மாப்பிள்ள!” என்றது மாடி. “நின்னுடுச்சு!”

“சார்!” என்றான் மாப்பிள்ளை, மாஸ்டரின் இரண்டு தோளையும் பிடித்து. “மெஷினா மாறுங்க சார்!”

“என்னது?”

“வாயால சார்! உங்க கடலைக்காக சார்!”

மாஸ்டர் ஒரு கணம் கண்ணை மூடினார். பிறகு கண்ணியமான குரலில், “கடகடகடகட” என்று ஆரம்பித்தார். ஆரம்பம் கொஞ்சம் சங்கோஜமாக இருந்தது. போகப் போக நன்றாகவே ஓடினார்.

“மாமா, சொல்லுங்க!”

“என்ன மாப்பிள்ள, எப்படி இருக்கு?” கேட்டுவிட்டு மாமனார் கொஞ்ச நேரம் காதைக் கொடுத்தார். “சத்தம் ஒரு மாதிரி இருக்கே? ஏதோ மூச்சு வாங்குற மாதிரி?” குரலில் அப்படி ஒரு ஆவல்.

“இல்ல மாமா, நல்லாத்தான் இருக்கு.”

மாஸ்டர் இருமினார்.

“இப்ப இருமுச்சே!”

“கடலையில தூசி மாமா. மத்தபடி நின்னதே இல்ல. காலையிலேர்ந்து ஒரே ஓட்டம்.”

“ஒரே ஓட்டமா” என்றார் மாமனார், ஏதோ கெட்ட செய்தி கேட்டவர் போல. “சரி. விடாதீங்க. இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பாருங்க.”

போன் வைத்ததும் வீடியோ தொடர்ந்தது. மாஸ்டர் ஸ்டூலில் சாய்ந்து தண்ணீர் கேட்டார்.

“நல்லா பண்ணினீங்க சார்.”

“ஸ்கூல்ல ஆண்டு விழாவுக்குக்கூட என்னை மேடை ஏத்தினதில்ல தம்பி” என்றார் மாஸ்டர். கோபமா, பெருமையா என்று தெரியவில்லை.

கூண்டைக் கழுவித் துடைத்தார்கள். திருகுக்கு எண்ணெய் போட்டார்கள். அந்த இடத்தில் எண்ணெய்க்குப் பஞ்சமில்லை. வயரைப் பழையபடி மாற்றினார்கள். பிறகு நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கி, படம் படமாகப் பார்த்து மாட்டினார்கள். மாப்பிள்ளை வாழ்க்கையிலேயே முதல் முறையாக ஒன்றைத் திரும்ப மாட்டினான். எந்த நட்டும் மிஞ்சவில்லை. நிழல் கொடுத்தது வீண் போகவில்லை என்று மாஸ்டர் இரண்டு தடவை சொன்னார்.

கடைசி நட்டை முடுக்கும்போது டின்னில் சத்தம் மறுபடி நின்றது. இந்தத் தடவை போன் வரவில்லை. சார்ஜ் தீர்ந்துவிட்டது.

மாடிப்படியில் செருப்புச் சத்தம்.

“சார், கடலை! மிச்சக் கடலையைக் கொட்டுங்க!”

“ஓடலைன்னா?”

“ஓடலைன்னா எனக்குச் சோப்பு, உங்களுக்குப் பிண்ணாக்கு. கொட்டுங்க சார்!”

மாமியார் கடைசிப் படியில் கால் வைக்கவும் மாப்பிள்ளை சுவிட்சைப் போடவும் சரியாக இருந்தது.

மெஷின் ஓடியது. காலையில் ஓடியதுபோல இல்லை. கடகடவும் இல்லை, முனகலும் இல்லை. நல்ல தூக்கத்திலிருந்து எழுந்தவர் பாட்டை முணுமுணுப்பதுபோல, ‘குர்ர்ர்’ என்று ஒரே சீராக ஓடியது. கூண்டைச் சுற்றி எல்லா இடுக்கிலிருந்தும் எண்ணெய் வந்தது. முன்பெல்லாம் சொட்டும். இப்போது நூல் பிடித்த மாதிரி இறங்கியது. பிண்ணாக்கு மெல்லிசாக, காய்ந்து, வளைந்து வளைந்து விழுந்தது.

மாமியார் அசையாமல் நின்று கேட்டார். கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது.

“இது எங்கப்பா வாங்கின அன்னிக்குப் போட்ட சத்தம்” என்றார். “நான் அப்ப ஸ்கூல் படிக்கறேன். இதே சத்தம். மாப்பிள்ள, என்ன பண்ணீங்க?”

“சும்மா... துடைச்சேன் அத்தை.”

“துடைச்சாராம்! இவரும்தான் இருபது வருஷமா பக்கத்துலயே நிக்கறாரு. ஒரு நாள் துடைச்சிருப்பாரா?” அப்போதுதான் கூரையைப் பார்த்தார். மின்விசிறியைப் பார்த்தார். மாஸ்டரைப் பார்த்தார். “சார், உங்க காதுல என்ன கடலை?”

“உறுதியான கடலைம்மா” என்றார் மாஸ்டர்.

மிச்சமிருந்த முக்கால் சாக்குக் கடலைக்கே போன வருஷத்து முழுச் சாக்கு எண்ணெய் வந்தது. மாஸ்டர் டின்னைத் தூக்கிக் கொண்டு கிளம்பும்போது, கூண்டின் படத்தை நோட்டிலிருந்து கிழித்துக் கையெழுத்துப் போட்டு மாப்பிள்ளையிடம் கொடுத்தார். மூன்று மணிக்குள் செய்தி தெருவில் பரவி, எள்ளோடு இரண்டு பேர், சூரியகாந்தி விதையோடு ஒருவர் வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை கைச்சக்கரத்தை அரைச் சுற்று இறுக்குவான், அரைச் சுற்று தளர்த்துவான், தலையைச் சாய்த்துக் கேட்பான். பார்ப்பவர்களுக்கு மூன்று தலைமுறை அனுபவம் தெரிந்தது. மாமியார் மாடிக்குப் போகவே இல்லை. ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஐந்து மணிக்கு மாமனார் வந்தார். தெருமுனையிலிருந்து வேகவேகமாக வந்தவர், வாசலுக்கு வந்ததும் சத்தத்தைக் கேட்டு நின்றுவிட்டார். கண் டாக்டர் மருந்து ஊற்றியிருந்தாரோ என்னவோ, கண் கலங்கியிருந்தது.

“ஓடுதா?” என்றார்.

“ஓடுதாவா? பறக்குது!” என்றார் மாமியார். “தங்கக் கைங்க மாப்பிள்ளைக்கு. இன்னும் முப்பது வருஷத்துக்கு இந்த வீட்டுல புது மெஷின்னு ஒண்ணைப் பத்திப் பேச்சே எடுக்க வேணாம். அப்படி ஓடுது!”

மாமனார் மெல்ல மெஷின் பக்கத்தில் போய், அதன் மேல் கையை வைத்தார். அது துளிகூட அதிரவில்லை. மாப்பிள்ளையைப் பார்த்தார். எண்ணெயைப் பார்த்தார். எதிரே இருந்த காலிச் சாக்கின் மேல் உட்கார்ந்தார். பெருமிதம் தாங்காமல் சில பேர் உட்கார்ந்துவிடுவார்கள் என்று மாப்பிள்ளை கேள்விப்பட்டிருக்கிறான்.

“மாமா” என்றான் தயங்கித் தயங்கி. “அந்தச் சாவி...”

“உங்ககிட்டயே இருக்கட்டும் மாப்பிள்ள” என்றார் மாமனார். “இனிமே எங்கிட்ட எதுக்கு?”

சோப்புக் குடோன், ஒன்பது தும்மல், மாதம் ஒரு தடவை வீடு, எல்லாம் ஒரே நொடியில் கரைந்து போயின. மாப்பிள்ளை சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் ஒரு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்தான்: “பாரு, எப்படி ஓட்டறேன்னு.”

வாசலில் மூன்று சக்கர வண்டி ஒன்று வந்து நின்றது. கயிறு, கடப்பாரை, கொக்கித் தராசு சகிதமாகப் பழைய இரும்புக் கடைக்காரர் இறங்கினார். மாமனார் சாக்கிலிருந்து துள்ளி எழுந்து, வேண்டாம் போய்விடு என்று இரண்டு கையையும் ஆட்டினார். வந்தவர் அதை வா என்று கூப்பிடுவதாக நினைத்து உள்ளேயே வந்து, மெஷினைச் சுற்றிவந்து பார்த்து, ஏமாற்றத்தோடு தலையைச் சொறிந்தார்.

“என்னங்க இது, இன்னும் ஓடிக்கிட்டிருக்கு? ‘காலையிலேயே மாப்பிள்ளை கையில குடுத்துட்டேன், நீ அஞ்சு மணிக்கு வந்து அள்ளிக்கிட்டுப் போ’ன்னு நீங்கதானே சொன்னீங்க!”